மில் ஸ்டோருக்குள்ள சாமான் எங்க கிடக்கெண்டு புளூடூத்தால கண்டுபிடிக்கலாமா?

சம்மாந்துறை_வயர்மேன்

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். நான் கேமரா, நெட்வேர்க் வேல செய்ற ஆள், சம்மாந்துறை கல்முனை பக்கம்தான். மாமாட நெல்லு மில்லுல ஒரு பிரச்சின, அதுக்குத்தான் இந்த போஸ்ட். நெல்லு ஈரம் பாக்கிற மீட்டர், சாக்கு தைக்கிற கை மெஷின், கணக்கு போடுற டேப்லெட், இதெல்லாம் அறுவட நேரத்துல கைமாறி கைமாறி போய் எங்கயாவது கிடக்கும். களவு போறல்ல, மில்லுக்குள்ளதான் இரிக்கும், ஆனா எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியா. லொறி வந்து வாசல்ல நிக்கும், நெல்லு கொண்டு வந்தவர் ஈரம் பாக்க சொல்லி நிப்பார், இஞ்ச நாலு பேர் மூட்டைக்கு பின்னால மீட்டரத் தேடிட்டு திரிவாங்க. பெரும்போகத்துல இது நாளாந்தம் நடக்கிற கூத்து.

அதால சின்ன புளூடூத் டேக் வாங்கி மீட்டர்ல ஒட்டிட்டன், போன்ல ஒரு ஆப் போட்டா எத்தன மீற்றர் தூரம் எண்டு காட்டுது. பிரச்சின என்னெண்டா ஒரே இடத்துல ஆடாம நிண்டாலும் 2 மீற்றர் எண்டு காட்டும், உடன 7 எண்டும், மறுகா 4 எண்டும். மூட்டை அடுக்கின பக்கம் போனா 15க்கு மேல போகுது, ஆனா டேக் அந்த அடுக்குக்கு அங்கால பக்கத்துலதான் கிடக்கு. ஜிபிஎஸ் டிரக்கரும் பாத்தன், தகரக் கூரைக்கு கீழ அது றோட்டுல இரிக்கிறதா காட்டுது.

எனக்கு வேணும் எண்டது 1 மீற்றருக்குள்ள இடம். மூணு மூலைல மூணு ரிசீவர் வெச்சி தூரத்த எடுத்து வட்டம் போட்டு வெட்டுற புள்ளிய எடுத்தா சரி வருமா? இல்லாட்டி டேக் மட்டமானதா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

வந்தாறுமூலை_சேர்

தம்பி, டேக்ல பிழ இல்ல, நல்ல விலைக்கு வாங்கினாலும் இதேதான் காட்டும். காரணத்த விளங்கிட்டா காச வீணாக்காம தப்பலாம், அதால கொஞ்சம் விரிவா சொல்றன்.

அந்த ஆப் தூரத்த அளக்கேல்ல, சிக்னல் எவ்வளவு பலமா வருதெண்டு மட்டும் பாக்குது, அதுல இருந்து தூரத்த ஊகிக்குது. ஆப்பிள் 2013ல கொண்டு வந்த ஐபீக்கன் முறைலயும் இதான், டேக் அனுப்புற ஒவ்வொரு செய்திக்குள்ளயும் "ஒரு மீற்றர்ல என்ட பலம் இவ்வளவு" எண்டு ஒரு எண் இரிக்கும். அது மைனஸ் 59 டெசிபெல் (சிக்னல் பலத்த சொல்ற அலகு, மைனஸ் கூடக் கூட பலம் குறைவு) எண்டு வெச்சுக்கங்க. திறந்த வெளில போனுக்கு மைனஸ் 69 வந்தா கணக்குப்படி 3 மீற்றர் சொச்சம், மைனஸ் 79 வந்தா 10 மீற்றர். கவனிச்சு பாருங்க, 6 டெசிபெல் குறைஞ்சாலே தூரம் இரட்டிப்பா காட்டும். இப்ப டேக்குக்கும் போனுக்கும் நடுவுல ஒரு ஆள் வந்து நிண்டா 10 டெசிபெல் குறையிறது சர்வசாதாரணம், அப்ப 2 மீற்றர்ல கிடக்கிற மீட்டர் 6 மீற்றருக்கு அங்கால போயிரும், ஒருத்தரும் அத தொடாமலே.

ஏன் ஆள் மறைச்சா குறையிது? தண்ணிதான் காரணம். புளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு ஓடுறதும் அந்தப் பக்கம்தான், அந்த அலைய தண்ணி நல்லா உறிஞ்சும். மனுச உடம்புல பாதிக்கு மேல தண்ணி. உங்கட நெல்லுலயும் தண்ணி, களஞ்சியத்துக்கு எடுக்கிற காஞ்ச நெல்லே 14 வீத ஈரத்தோடதான் இரிக்கு, வெட்டின உடன வாற நெல்லு 20க்கு மேலயும் நிக்கும். அப்ப நீங்க அடுக்கி வெச்சிரிக்கிறது மூட்டை இல்ல தம்பி, அலைய குடிக்கிற சுவர். அடுக்குக்கு அங்கால கிடக்கிற டேக் 15 மீற்றர் எண்டு காட்டுறது அதாலதான்.

மத்தது தகரம். தகரத்துல பட்ட அலை உள்ளுக்கயே திரும்பி வரும், நேரா வாறதும் பட்டு வாறதும் ஒண்டோட ஒண்டு சேந்து ஒரு இடத்துல கூட்டும், இன்னொரு இடத்துல அழிச்சிரும். இந்த அலைட நீளம் 12 சென்றிமீற்றர் சொச்சம்தான், அதால போன ஒரு சாண் நகத்தினாலே பலம் மாறும். அதுக்கு மேல டேக் செய்தி அனுப்புறது மூணு சனல்ல, 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொண்டுலயும் இந்த கூட்டல் கழித்தல் வேற மாதிரி விழும். போன் எந்த சனல்ல பிடிச்சது எண்டு ஆப்புக்கு தெரியா. ஆடாம நிக்கக்குள்ளயும் எண் ஆடுறது இதால. கோயில் திருவிழாவுல மைக்செட் சத்தத்த கேட்டு கோயில் எத்தன கட்டை எண்டு சொல்ல ஏலுமா, காத்து திரும்பினா சத்தமும் மாறுது, அதே கததான்.

இந்த தூரத்த வெச்சி மூணு வட்டம் போட்டா அது ஒரு புள்ளில வெட்டாது, சில நேரம் வெட்டவே வெட்டாது. கணக்கு சரி, உள்ளுக்க போற எண் சரியில்ல.

சம்மாந்துறை_வயர்மேன்

சேர் ரொம்ப நன்றி, இப்பதான் விளங்குது அந்த அடுக்கு விசயம். அப்ப இன்னொரு கேள்வி. இடத்துக்கு இடம் நிண்டு சிக்னல் எவ்வளவு வருதெண்டு முதல்லயே பதிஞ்சு ஒரு மேப் மாதிரி வெச்சிட்டு மறுகா வாற சிக்னல அதோட ஒப்பிட்டு பாக்கிற முறை ஒண்டு வாசிச்சன், அது தூரம் கணக்கு போடுறல்லதானே, அது சரி வருமா?

வந்தாறுமூலை_சேர்

நல்ல கேள்வி. அது பழைய முறை, 2000ம் ஆண்டுல மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் ரேடார் எண்ட பேர்ல வைஃபைல செஞ்சு காட்டினது, அலுவலக மாடில ரெண்டு மூணு மீற்றர் அளவுல இடம் சொல்லிச்சு. ஒபிஸ், லைப்ரரி மாதிரி சாமான் அசையாத இடத்துக்கு இப்பயும் நல்ல முறைதான். உங்கட ஸ்டோர் அப்பிடியில்லையே. காலைல கூரை மட்டும் அடுக்கு, பின்னேரம் லொறி ஏத்தினா பாதி வெறும் தர. காலைல எடுத்த மேப் பின்னேரத்துக்கு உதவாது. சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் இடைல ஸ்டோர் வெறுமையா கிடக்கிற காலத்துல பதிஞ்ச மேப்ப அறுவட நேரத்துல நம்பவே கூடா.

ஒரு திருத்தம் செய்யலாம். இடம் தெரிஞ்ச சில டேக்க சுவர்ல நிரந்தரமா ஒட்டி வெச்சா, தொலஞ்ச டேக்குட சிக்னல் எந்த ஒட்டின டேக்குட சிக்னலுக்கு கிட்ட இரிக்கு எண்டு பாக்கலாம். அடுக்கு மாறினா ரெண்டும் சேந்து மாறும், அதால மேப் பழசாகாது. லேண்ட்மார்க் எண்டு 2003ல ஆர்எஃப்ஐடில (ரேடியோ அலையால அடையாளம் சொல்ற டேக்) செஞ்ச யோசன அது. ஆனா உங்கட தேவைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவயில்ல எண்டு நினைக்கன்.

கல்லடி_ராகினி

நான் ஒரு பெரிய கட்டடத்துல உபகரணம் எங்க இரிக்கெண்டு பாக்கிற வேலைக்கு இத போட்டு ஓட்டுறன், மட்டக்களப்புலதான், அதால செய்முறை பக்கத்த நான் சொல்றன். சேர் சொன்னது அத்தனையும் உண்மை.

தம்பி, முதல்ல 1 மீற்றர் எண்டத விடுங்க. மாமாவுக்கு என்ன தெரியணும்? மீட்டர் கந்தோர்லயா, முன் ஸ்டோர்லயா, பின் ஸ்டோர்லயா, புழுக்கிற பக்கமா, களத்துலயா. இவ்வளவுதானே. அஞ்சு பதில்ல ஒண்டு சரியா வந்தா தேடுற ஆள் நேரா அங்க போவார், அங்க போய் கண்ணால பாக்கிறது ஒரு நிமிச வேல. இடத்த அளக்கிறத விட்டுட்டு எந்தப் பகுதி எண்டு கேக்கத் தொடங்கினா இதே மட்டமான சிக்னல் போதும்.

செய்ற விதம் இதான். போன கொண்டு திரியிறதுக்கு பதிலா பகுதிக்கு ஒரு ஈஎஸ்பி32 (ESP32) எண்ட சின்ன கன்ட்ரோலர் போர்ட சுவர்ல வெச்சிருங்க, அது டேக் அனுப்புறத கேட்டு கேட்டு வைஃபையால கந்தோர் கம்பியூட்டருக்கு அனுப்பும். இதுக்கு ஈஎஸ்பிரெசென்ஸ் எண்டு இலவச சொஃப்ட்வெயார் இரிக்கு, எம்கியூடிடி (MQTT, கருவிகள் ஒண்டுக்கொண்டு செய்தி அனுப்புற முறை) வழியா டேட்டா தரும், ஹோம் அசிஸ்டன்ட் எண்ட ஸ்மார்ட் ஹோம் சொஃப்ட்வெயாரோட சேரும், நீங்க நெட்வேர்க் வேல செய்ற ஆளெண்டா ஒரு பின்னேரத்துல ஏத்திரலாம். வாங்கக்குள்ள மொடல பாத்து வாங்குங்க, பழைய ஈஎஸ்பி32, சி3, எஸ்3 எல்லாத்துலயும் புளூடூத் இரிக்கு, எஸ்2ல இல்ல. பேர் ஒரே மாதிரி இரிக்கிறதால கடைல மாறித் தருவாங்க. அதேபோல எச்.சி-05 (HC-05) மொட்யூலும் வேணாம், அது பழைய புளூடூத், டேக்க கேக்காது.

போர்ட் வெக்கிற இடம் முக்கியம். ஆள் உயரத்துக்கு மேல, அடுக்கு உச்சிக்கும் மேல, வளைல கட்டுங்க, அப்பதான் ஆக்களும் மூட்டையும் குறுக்க வராது. தகரத்தோட ஒட்டி வெக்காதீங்க, ஒரு முழமாவது கீழ இறக்குங்க. ரெண்டு பகுதிக்கு நடுவுல இரிக்கிற வாசல்ல வெக்காம ஒவ்வொரு பகுதிட நடுவுல வெச்சா குழப்பம் குறையும்.

டேக் ஒட்டுறதுலயும் விசயம் இரிக்கு. சாக்கு மெஷின்ட மோட்டர் பக்கம் இரும்பு, அதுல ஒட்டினா டேக்குட அன்டெனா செத்த மாதிரி, சிக்னல் பாதி தூரம் போகாது. பிளாஸ்டிக் கைபிடில ஒட்டுங்க, எண்ணெய் படாத பக்கமா பாத்து, இல்லாட்டி கயிறு போட்டு கைபிடில தொங்க விடுங்க.

மறுகா கணக்கு. ஒரு செய்திய வெச்சி முடிவெடுக்கக் கூடா. கடைசி பத்து பதினஞ்சு செக்கன்ல வந்த பலத்த எல்லாம் வரிசைல போட்டு நடுவுல நிக்கிற எண்ண எடுங்க, சராசரி வேணாம், ஒரு முரட்டு எண் வந்தா சராசரி சாஞ்சிரும், நடு எண் அசையாது. எந்த போர்டுக்கு அந்த நடு எண் பலமோ அந்தப் பகுதி. புதுப் பகுதி பழையத விட 5, 6 டெசிபெல் கூட இரிந்து, அதுவும் தொடர்ந்து கொஞ்ச நேரம் நிண்டா மட்டும் இடத்த மாத்துங்க, இல்லாட்டி ரெண்டு ஸ்டோருக்கும் நடுவுல மீட்டர் தாவிட்டே இரிக்கும், ஆக்கள் ரெண்டு நாளைல நம்பிக்கை விட்டுருவாங்க. சிஸ்டத்த ஆக்கள் நம்புறதுதான் பெரிய விசயம்.

இன்னொண்டு, வைஃபை ரவுட்டர ஒட்டோ சனல்ல விடாதீங்க, 1, 6, 11 இதுல ஒண்டுல நிப்பாட்டி வைங்க. சேர் சொன்ன அந்த மூணு புளூடூத் சனலும் இந்த மூணு வைஃபை சனலுக்கும் இடைல, ஓரத்துல விழுற மாதிரி தெரிஞ்செடுத்தது. ரவுட்டர் 3லயோ 4லயோ போய் நிண்டா 2426 மேல ஏறி அடிக்கும், செய்தி தவறும்.

அக்கரைப்பற்று_ஷாபி

காக்கா, ராகினி அக்கா சொன்னத போடுங்க, அது சரி. ஆனா 1 மீற்றர் வேணும் எண்டே நிண்டா அதுக்கும் வழி இரிக்கு, அதான் யூடபிள்யூபி (UWB, அல்ட்ரா வைட்பேண்ட்) எண்ட வேற ரேடியோ முறை. அது பலத்த பாக்கிறல்ல, அலை போய் வாற நேரத்த அளக்குது. ஒரு நானோசெக்கன்ல அலை 30 சென்றிமீற்றர் போகும், அத அளக்கிற அளவுக்கு நுணுக்கமான துடிப்பு அனுப்புறதால திறந்த இடத்துல 10 சென்றிமீற்றர் அளவுல தூரம் வரும். தகரத்துல பட்டு வாற அலை பிந்தி வரும், முதல்ல வந்தத மட்டும் எடுத்தா போதும், அதால தகரம் அவ்வளவு குழப்பாது. ஐபோன் 11ல 2019ல வந்தது, 2021ல வந்த ஏர்டேக் கிட்ட போகக்குள்ள அம்புக்குறி காட்டுறதும் இதாலதான். நாம செய்றதெண்டா டிடபிள்யூ1000, டிடபிள்யூ3000 எண்ட சிப் வெச்ச போர்ட் கிடைக்கும்.

ஆனா மூட்டை அடுக்கு இதையும் விடாது, 6.5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுறதால தண்ணி இன்னும் கூட உறிஞ்சும், நேர் பாத அடைபட்டா சுத்தி வாற அலைதான் முதல்ல வரும், அப்ப தூரம் கூடி காட்டும். டேக் விலையும் பல மடங்கு, பெட்டரியும் சீக்கிரம் முடியும். வெளிநாட்டுல இரிந்து எடுக்கிறதெண்டா தொலைத்தொடர்பு ஆணைக்குழுட அனுமதி விசயத்தையும் முதல்லயே பாருங்க, கஸ்டம்ஸ்ல நிண்டுரும்.

2024 செப்டம்பர்ல வந்த புளூடூத் 6.0ல சனல் சவுண்டிங் எண்டு ஒண்டு இரிக்கு, கன சனல்ல அலைட கட்டத்த (ஃபேஸ், அலை ஏறி இறங்குறதுல எந்த நிலைல நிக்கு எண்டது) ஒப்பிட்டு தூரம் எடுக்கும், பலத்த நம்பி இரிக்காது. அது மலிவு டேக்ல வந்தா இந்த கத மாறும். இப்ப கைல இரிக்கிற டேக்ல அத சொஃப்ட்வெயாரால ஏத்த ஏலா, சிப்பே வேற.

ஏர்டேக்க மட்டும் வாங்கி ஒட்டுவம் எண்டு நினைக்காதீங்க. பக்கத்துல ஐபோன் திரிஞ்சாத்தான் அது இடம் சொல்லும், மில்லுல வேல செய்ற ஆக்கள்ட கைல அன்ட்ரொயிட்தானே.

மருதமுனை_தறி

தொழில்நுட்பம் எல்லாரும் சொல்லிட்டீங்க, நான் வேற ஒண்டு சொல்லணும். எங்கட பக்கம் தறி போட்ட இடத்துல கேமரா வந்த நேரம் ஆக்கள் எப்பிடி மனம் நொந்தாங்க எண்டு எனக்குத் தெரியும். இந்த போர்டெல்லாம் சுவர்ல ஏறின உடன மூட்ட தூக்கிற ஆக்கள் நினைப்பாங்க நம்மள பாக்கத்தான் வெச்சிரிக்கு எண்டு. அதால வைக்க முன்னமே எல்லாரையும் கூப்பிட்டு டேக்க கைல குடுத்து காட்டுங்க, இது மீட்டருக்கு, இது மெஷினுக்கு, ஆளுக்கு இல்ல எண்டு. சொல்றதோட நிக்காம அப்பிடியே நடங்க. ஈஎஸ்பிரெசென்ஸ் சுத்தி இரிக்கிற போன், வொட்ச் எல்லாத்தையும் கேக்கும், பதியிற லிஸ்ட்டுல உங்கட டேக் நம்பர மட்டும் விட்டு மத்த எல்லாத்தையும் வெட்டி விடுங்க. ஆர் எத்தன மணிக்கு எங்க நிண்டார் எண்டு ஒரு வரி கூட அந்த கம்பியூட்டர்ல சேரக் கூடா. கூலிக்கு வாற மனுசன்ட மூச்சு விடுற நேரத்தையும் எண்ணுற சாமானா அது மாறக் கூடா.

கல்லடி_ராகினி

தறி சொன்னத நூறு வீதம் ஏத்துக்கிறன். தொழில்நுட்பமா பாத்தாலும் போன பின்தொடர்றது சரி வராது, இப்ப உள்ள போன்கள் புளூடூத் முகவரிய கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா போல மாத்திட்டே இரிக்கும், அதுக்காகவே அப்பிடி செஞ்சது. உங்கட மாதிரி சின்ன மலிவு டேக்தான் பொதுவா ஒரே முகவரிய வெச்சிட்டு இரிக்கும்.

சம்மாந்துறை_வயர்மேன்

தறி காக்கா, கட்டாயம் செய்வன், மாமாட்டயும் சொல்லிட்டன், அவரும் அதத்தான் விரும்புறார், வருசக்கணக்கா ஒண்டா நிக்கிற ஆக்கள் அவங்க. ராகினி அக்கா ரெண்டு கேள்வி. ஸ்டோருக்குள்ள பிளக் பொயின்ட் இல்ல, வயர் இழுத்தா எலி வெட்டுது, தவிட்டுத் தூசியும் பயங்கரம், போர்டுக்கு என்ன செய்ற? மத்தது பகுதி தெரிஞ்சாலும் அந்த அடுக்குக்கு நடுவுல தேடணுமே, டேக் சத்தம் போடுமா?

கல்லடி_ராகினி

கேமராவுக்கு நீங்க போடுற அதே குழாய்க்குள்ள நெட்வேர்க் கேபிள விட்டு பிஓஇல (PoE, நெட்வேர்க் கேபிளாலயே கரண்ட் அனுப்புற முறை) கரண்ட் குடுங்க, ஸ்பிளிட்டர் ஒண்டு போட்டு 5 வோல்ட்டுக்கு இறக்கினா போர்டுக்கு போதும். குழாய் மூட்டுல எலி பல்லு வெக்கும், அந்த இடத்த மட்டும் இரும்பு வலையால சுத்துங்க. போர்ட பிளாஸ்டிக் ஜங்ஷன் பொக்ஸ்ல போட்டு மூடுங்க, பிளாஸ்டிக்க அலை தாண்டும், இரும்பு பெட்டி மட்டும் வேணாம். தவிட்டுத் தூசி நெருப்புப் பிடிக்கிற சாமான், அதால துளைய நல்லா அடைங்க, உள்ளுக்க பல்லு கழண்ட சொக்கெட் ஒண்டும் விடாதீங்க.

சத்தத்துக்கு, சாவிக்கு போடுற மலிவு டேக் கனக்கதுல பஸர் இரிக்கு. இமீடியட் அலர்ட் எண்ட புளூடூத் சேவை, 1802 எண்ட நம்பர், அதுல 2 எண்டு எழுதினா கத்தும், ஈஎஸ்பி32ட கோட்ல சின்ன வேல. ரெண்டு விசயம் கவனிங்க. இணைஞ்சு இரிக்கக்குள்ள இந்த டேக் கனக்கது செய்தி அனுப்புறத நிப்பாட்டிரும், அதால கத்த வெச்ச உடன இணைப்ப வெட்டுங்க, இல்லாட்டி மத்த போர்டுக்கு அது காணாமப் போயிரும். இணைப்பு வெட்டுப்பட்டா தானா கத்துற டேக்கும் இரிக்கு, அத வாங்க முன்னம் சோதிச்சு பாருங்க.

ஆனா தம்பி மில் ஓடக்குள்ள அந்த பஸர் ஒருத்தருக்கும் கேக்காது, மோட்டர் சத்தம் அப்பிடி. அதால சத்தத்தோட லைட்டும் மின்னுற டேக்கா பாருங்க, மூட்டைக்கு இடைல இருட்டுல சின்ன மின்னல் கண்ணுல படும். முதல்ல ரெண்டு ஸ்டோருக்கும் கந்தோருக்கும் மட்டும் போர்ட் வெச்சி மீட்டர் ஒண்டோட ஓட்டுங்க, அடுக்கு நிரம்பின நாளும் வெறுமையான நாளும் பகுதி சரியா வருதா பாத்துட்டு மத்ததுக்கு போங்க. எண் ஏதும் விளங்காட்டி போர்ட் காட்டுற பலத்த இஞ்ச போடுங்க, பாத்து சொல்றன்.